எண்ணெய்ப் புகையின் கணக்கேடும் வங்காலைக் கரையும்

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதிக்குத் தெற்கே, கடலை ஒட்டி அமைந்த பழைய மீனவ ஊர் வங்காலை. புனித ஆனாள் ஆலயத்தின் மணியோசை கேட்டு எழும் அவ்வூரைச் சூழ்ந்து உப்பங்கழிகளும், சேற்றுத் தரைகளும், முட்புதர்க் காடுகளும், ஆழமற்ற கடலும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் வடபுலத்திலிருந்து வந்திறங்கும் ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் அந்நீர்ப்பரப்பை மறைத்து நிற்கும். 2008ஆம் ஆண்டில் இப்பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் 4,839 ஹெக்டேர் பரப்புடன் ராம்சார் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

அந்த ஈரநிலத்தின் ஊடாக இப்பொழுது 220 கிலோவோல்ட் மின்கம்பி ஒன்று செல்கிறது. தீவின் தென்கரையில் சுழலும் காற்றாலைகளின் மின்சாரத்தை நடுக்குடாவில் திரட்டி நாட்டின் பொது மின்வலைக்குக் கொண்டுபோவது அது. அக்கம்பியை நடுவதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் தலையாயது, தெற்கே மின்நிலையங்களில் எரியும் எண்ணெய் குறையும், அதனால் வானிற் கலக்கும் கரியமில வாயுவும் குறையும் என்பதே. எத்தனை தொன் குறைகிறது, அதை எவ்வாறு கணிக்கின்றனர் என்பவை நிபுணர்களின் அறையோடு நிற்க வேண்டிய கேள்விகள் அல்ல. அந்தத் தொன் கணக்கின் பேரில் தம் கரையில் இடம் கொடுத்தவர்கள் மன்னார் மக்கள். ஆதலால் அக்கணக்கின் வரலாற்றை அறியும் உரிமை முதலில் அவர்களுக்கு உண்டு.

இலங்கையில் மின்விளக்கு முதன்முதல் கொழும்பில் 1895ஆம் ஆண்டில் எரிந்தது. மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலே கட்டுரை படித்தார். அவர் கனவு கண்ட லக்ஷபானத் திட்டம் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட தாமதத்தின் பின் 1950ஆம் ஆண்டிற்றான் ஓடத் தொடங்கியது. நல்ல யோசனைகளுக்குக் காத்திருக்கும் பொறுமை அரசாங்கக் கோப்புகளுக்கு என்றும் உண்டு போலும்! ஆயினும் தொடங்கிய பின் நீர் மின்சாரமே நாட்டின் முதுகெலும்பாயிற்று. களனி ஆற்றின் கிளைகளைத் தொடர்ந்து மகாவலியும் அணைகட்டப்பட்டு, 1985ஆம் ஆண்டில் விக்டோரியா, கொத்மலை நிலையங்கள் இயங்கத் தொடங்கின. 1995ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு மழை தந்ததாகவே இருந்தது.

எண்ணெய் இக்காலமெல்லாம் பின்வாயிலில் நின்ற காவலாளி. 1960களின் முற்பகுதியில் கொழும்பு களனிதிஸ்ஸவில் உலை எண்ணெயில் இயங்கும் நீராவி நிலையம் எழுந்தது. 1980களின் தொடக்கத்தில் அவ்விடத்திலேயே டீசலில் ஓடும் வாயுச் சுழலிகள் பொருத்தப்பட்டன. சபுகஸ்கந்தவில் 1969ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தில் மிஞ்சும் கனத்த எண்ணெயை என்ன செய்வது என்பது ஒரு கேள்வியாக இருந்தது. 1984ஆம் ஆண்டில் அதன் அருகே எழுந்த டீசல் எந்திர நிலையம் அந்த மிச்சத்தையே உணவாக்கிக் கொண்டது. மழை பொய்த்தால் மட்டும் இவற்றை ஓட்டுவது என்பதே ஏற்பாடு.

1996ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. மின்சாரத்தின் தேவையோ ஆண்டுதோறும் பெருகிக்கொண்டிருந்தது. நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு நேர்ந்தது. அதன் பின் தனியார் முதலீட்டில் எண்ணெய் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. சபுகஸ்கந்தவில், மாத்தறையில், ஹொரணையில், புத்தளத்தில், எம்பிலிப்பிட்டியவில் என நாட்டின் பல திசைகளிலும் புகைபோக்கிகள் உயர்ந்தன. கொழும்புத் துறைமுகத்தில் மிதக்கும் மேடை மீதே ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் கெரவலப்பிட்டியவில் 300 மெகாவாட் நிலையம் நிறைவு பெற்றது. ஐந்தே ஆண்டுகளில், 2000ஆம் ஆண்டு பிறந்தபோது, ஏறத்தாழப் பாதி மின்சாரம் எண்ணெயிலிருந்து வந்துகொண்டிருந்தது. பின்வாயிற் காவலாளி வீட்டின் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டான். 2011ஆம் ஆண்டு முதல் நுரைச்சோலையில் நிலக்கரி நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரும் அவன் முழுவதும் வெளியேறவில்லை.

இங்கேதான் கரியமில வாயுவின் கணக்கேடு தொடங்குகிறது. இலங்கைப் பாடநூல்கள் காபனீரொட்சைட்டு என்று வழங்கும் இவ்வாயு பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதை அயர்லாந்தில் பிறந்த தின்டால் 1859ஆம் ஆண்டில் தொடங்கிய சோதனைகளால் காட்டினார். நிலக்கரி எரிவதால் உலகம் சூடேறுமா என்று சுவீடன் நாட்டு அறீனியஸ் 1896ஆம் ஆண்டில் கணக்கிட்டார். அது உண்மையிலேயே நேர்ந்துவருகிறது என்று 1938ஆம் ஆண்டில் எடுத்துரைத்த கலெண்டர் என்பவர் நீராவி எந்திரப் பொறியியலாளர். கொதிகலனோடு பழகியவரே புகையின் பின்விளைவையும் கண்டு சொன்னார் என்பது குறிக்கத்தக்கது. 1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 315 பங்கு இவ்வாயு இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது.

ஒரு மின்நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து எத்தனை தொன் வாயு வெளியேறியது என்று எவ்வாறு அறிவது? அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து பெரிய நிலையங்களின் புகைபோக்கியிலேயே அளவுக் கருவி பொருத்தும் முறை வந்தது. ஒவ்வொரு மாநிலமும் எந்த எரிபொருளால் எத்தனை தொன் விட்டது என்று அங்கே தனித்தனியே பட்டியலிட முடிகிறது. இலங்கை போன்ற நாடுகளில் வழங்குவது வேறு முறை. புகையைப் பிடிப்பதில்லை, எண்ணெயை அளக்கிறார்கள்.

எண்ணெயின் எடையில் நூற்றுக்கு 86 பங்கு அளவு கரி. எரியும்போது 12 பங்கு கரி காற்றிலுள்ள 32 பங்கு பிராணவாயுவோடு சேர்ந்து 44 பங்கு கரியமில வாயுவாகிறது. ஆகவே ஒரு கிலோ எண்ணெய் எரிந்தால் மூன்று கிலோவுக்குச் சற்று மேற்பட்ட வாயு பிறக்கும். ஒன்றிலிருந்து மூன்று பிறப்பது எப்படி என்று நேயர்கள் வியக்கலாம். மிஞ்சிய எடை காற்றிலிருந்து வந்தது. களஞ்சியத்தில் இருந்த எண்ணெய், வாங்கிய எண்ணெய், மீந்த எண்ணெய் ஆகிய மூன்றும் தெரிந்தால் எரிந்தது தெரியும். எரிந்தது தெரிந்தால் வாயுவும் தெரிந்துவிடும். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அறிஞர் குழு 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூல், உலை எண்ணெயின் ஒவ்வொரு பத்தாயிரம் கோடி ஜூல் வெப்பத்துக்கும் 7.74 தொன் வாயு என்று வகுத்துள்ளது. டீசலுக்கு இது 7.41 தொன், நிலக்கரிக்கு 9.46 தொன்.

இவ்வளவில் நின்றால் கணக்கு எளிது. ஆனால் ஓர் அலகு மின்சாரத்துக்கு எவ்வளவு வாயு என்று கேட்டவுடன் எந்திரத்தின் திறமை குறுக்கிடுகிறது. வெப்பத்தில் நூற்றுக்கு 40 பங்கை மின்சாரமாக்கும் நல்ல டீசல் எந்திரம் உலை எண்ணெயை எரித்தால், ஓர் அலகுக்கு ஏறத்தாழ 700 கிராம் வாயு வெளிவரும். நூற்றுக்கு 27 பங்கு மட்டுமே மின்சாரமாக்கும் பழைய வாயுச் சுழலியில் டீசலை எரித்தாலோ, ஓர் அலகுக்கு ஒரு கிலோ வாயு. இது நிலக்கரி நிலையத்துக்கு ஒப்பான அளவு. சுழலியின் வெப்பப் புகையை வீணாக்காமல் மீண்டும் நீராவியாக்கிப் பயன்படுத்தும் இணைவட்ட நிலையத்தில் 600 கிராம் அளவில் முடிந்துவிடும். எண்ணெய் மின்சாரம் என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், எந்த எந்திரம் எந்த மணியில் ஓடியது என்பதைப் பொறுத்து அதன் சுமை ஒன்றரை மடங்குக்கு மேலும் வேறுபடும்.

இலங்கை 1993ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் காலநிலை உடன்படிக்கையை ஏற்றது. அதன்படி நாட்டின் வெளியேற்றங்களைத் தொகுத்து அறிக்கை தரும் கடமை வந்தது. முதல் அறிக்கை 2000ஆம் ஆண்டில் அளிக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட நிலைபேறான சக்தி அதிகார சபை, ஆண்டுதோறும் நாட்டின் சக்திச் சமநிலை ஏட்டை வெளியிட்டுவந்தது. எந்த நிலையம் எவ்வளவு எரிபொருள் கொண்டது, எத்தனை அலகு தந்தது, பொது மின்வலையின் ஓர் அலகுக்கு எத்தனை கிராம் வாயு என்பனவெல்லாம் அவ்வேட்டின் அட்டவணைகளில் இடம்பெறும் செய்திகள்.

அந்த ஏடுகளை அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு ஒரு விந்தை புலப்படும். எண்ணெய்ப் புகையின் எண்ணிக்கை ஓராண்டு ஏறும், மறு ஆண்டு இறங்கும். ஏறிய ஆண்டில் அதிகாரிகள் அசட்டையாயிருந்தனர் என்பதோ, இறங்கிய ஆண்டில் நாடு திருந்திவிட்டது என்பதோ அதன் பொருளன்று. 2016, 2017 ஆண்டுகளின் வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றின. எண்ணெய் எந்திரங்கள் ஓயாது ஓடின. 2018இல் மழை திரும்பியது, எந்திரங்கள் இளைப்பாறின. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் நீர்மட்டத்தை அறிந்தவர் எண்ணெய்க் கணக்கை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். கரியமில வாயுவின் ஏடு என்று எழுதப்பட்டிருப்பது பெரும்பகுதி மழையின் ஏடுதான். ஓராண்டின் எண்ணைத் தனியே எடுத்து வெற்றி என்றோ தோல்வி என்றோ பறைசாற்றுவோர் வானத்தின் செயலைத் தம் செயலாகக் கொள்கின்றனர்.

2022ஆம் ஆண்டு இன்னொரு பாடத்தைத் தந்தது. எண்ணெய் வாங்க டொலர் இன்மையால் மின்நிலையங்கள் ஓய்ந்தன. மார்ச் மாதம் 31ஆம் திகதி 13 மணி நேர மின்வெட்டு நேர்ந்தது. விசிறியற்று விழித்திருந்த வீடுகளில் அந்த இரவு மின்நிலையப் புகை குறைந்தது மெய்யே. ஆனால் கடைவாயிலிலும் விடுதிப் பின்புறத்திலும் சிறு மின்பிறப்பாக்கிகள் முழங்கின. அவை எரித்த எண்ணெய் மின்நிலையங்களின் நிரலிற் சேராது, விற்பனையான எரிபொருளின் வேறொரு நிரலில் மறைந்துவிடும். இருட்டினால் வரும் குறைவும் காற்றாலையால் வரும் குறைவும் ஏட்டில் ஒரே எழுத்தில்தான் எழுதப்படுகின்றன.

இனி மன்னாருக்கு வரலாம். இத்தீவில் முதலில் தேடப்பட்டது எண்ணெய் என்பது பலர் மறந்துவிட்ட செய்தி. 1970களில் சோவியத் நாட்டின் உதவியோடு பேசாலையில் ஆழ்கிணறுகள் தோண்டப்பட்டன. வணிகத்துக்குப் போதிய எண்ணெய் கிடைக்கவில்லை. 2011ஆம் ஆண்டில் கெயர்ன் நிறுவனம் மன்னார்க் கடற்படுகையில் இயற்கை வாயு இருப்பதைக் கண்டது. அதுவும் இன்றுவரை மேலே எடுக்கப்படவில்லை. எண்ணெய்க் கிணறு தோண்டியவர் தலைக்கு மேல் வீசிக்கொண்டிருந்த காற்றே இறுதியில் மின்சாரமாயிற்று. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு, தலா 3.45 மெகாவாட் ஆற்றலுள்ள 30 காற்றாலைகள் தீவின் தென்கரையில் நிறுவப்பட்டு, தம்பபவனி என்னும் பெயரோடு 2020ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டன. மொத்தம் 103.5 மெகாவாட்.

இவை ஆண்டு முழுவதும் தம் முழு வலுவில் பத்தில் நான்கு பங்கு அளவுக்கு ஓடுவதாகக் கொண்டால், 36 கோடி அலகு மின்சாரம் கிடைக்கும். இம்மின்சாரம் உலை எண்ணெய் எந்திரத்தை நிறுத்தியிருந்தால், தவிர்க்கப்பட்ட வாயு இரண்டரை லட்சம் தொன். நிலக்கரி எந்திரத்தை நிறுத்தியிருந்தால் மூன்றரை லட்சம் தொன். வழிந்தோடும் நீர்த்தேக்கத்தின் சுழலியை நிறுத்தியிருந்தாலோ ஒன்றுமில்லை! காற்றாலை ஒன்றே, மின்சாரம் ஒன்றே. மாற்றாக நின்றது எது என்பதில்தான் கணக்கு முழுவதும் தங்கியிருக்கிறது.

இச்சிக்கலுக்கு ஐக்கிய நாடுகளின் கணிப்பு முறை இரு கேள்விகளால் விடை காண்கிறது. இன்று ஓடும் நிலையங்களுள் எது தன் ஓட்டத்தைக் குறைக்கும் என்பது முதற் கேள்வி. இந்தக் காற்றாலை இல்லாதிருந்தால் புதிதாக எது கட்டப்பட்டிருக்கும் என்பது இரண்டாவது. காற்றாலையைப் பொறுத்தவரை முதற் கேள்வியின் விடைக்கு முக்கால் பங்கும், இரண்டாவதற்குக் கால் பங்கும் மதிப்பளித்துச் சராசரி காண்பது வழக்கம். நேர்மையான முறைதான். ஆயினும் அதில் ஊகம் கலந்திருக்கிறது. புகைபோக்கியின் கணக்கு நடந்ததைச் சொல்வது. தவிர்த்த தொன்னின் கணக்கு நடக்காத ஒன்றைச் சொல்வது.

மன்னாரில் இந்த ஊகத்துக்கு மற்றுமொரு முடிச்சும் உண்டு. அங்கே மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றைக் கரையோர மக்கள் சோழகம் என்பர். காற்றாலைகள் மிகுதியாகச் சுழல்வது அக்காலத்தில். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையாகப் பொழிந்து லக்ஷபானத்தின் நீர்த்தேக்கங்களை நிரப்புவதும் அதே பருவக் காற்றே. மழை மிதமாயிருக்கும் ஆண்டில், மன்னார் மின்சாரம் அணைநீரைச் சேமித்துத் தரும். அந்நீர் மாசி, பங்குனியின் வறட்சியில் எண்ணெயைத் தவிர்க்கும். அணைகள் வழியும் ஆண்டில் அச்சேமிப்பு இயலாது. அப்பொழுது காற்று நிறுத்துவது நிலக்கரியையும் எண்ணெயையுமா, நீரையுமா என்பது மின்வலையைக் கட்டுப்படுத்துவோர் மணிக்கு மணி எடுக்கும் முடிவு. ஆண்டுச் சராசரி ஒன்றால் இதைச் சொல்லிவிட முடியாது.

கரியமில வாயுவை மட்டும் எழுதும் ஏட்டில் எண்ணெயின் மற்றைத் தீங்குகள் இடம்பெறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு போரின் காரணமாகப் பொது மின்வலையிலிருந்து நெடுங்காலம் துண்டிக்கப்பட்டு, 2013ஆம் ஆண்டில் மீண்டும் இணையும் வரை, உள்ளூர் எண்ணெய் எந்திரங்களையே நம்பியிருந்தது. சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது என்னும் முறையீடு நாட்டின் உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2019ஆம் ஆண்டில் நீதிமன்றம், நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வாளியில் எண்ணெய் மிதக்கக் கண்ட வீட்டாருக்கு அந்த எந்திரம் அலகொன்றுக்கு எத்தனை கிராம் வாயு விட்டது என்பது பெரிய செய்தியாயிராது. எண்ணெயைக் குறைப்பதன் பயன் தொன் கணக்கை விடப் பெரிது என்பதற்குச் சுன்னாகத்துக் கிணறுகள் சான்று.

காற்றின் மின்சாரத்துக்கும் ஏட்டில் ஏறாத செலவுகள் உண்டு. மன்னாரில் மேலும் காற்றாலைகள் நிறுவும் திட்டங்கள் எழுந்தபோது, வெள்ளநீர் வடியும் வழிகள் அடைபடும், மீன்பிடி குன்றும், பறவைகளின் பாதை மறியும் என்று மக்கள் எதிர்த்தனர். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் நிலையங்கள் அமைக்கவிருந்த இந்தியாவின் அதானி நிறுவனம் 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கியதன் பின், நடந்துகொண்டிருந்த வேலைகள் ஒரு மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. இலங்கையர் ஒருவர் எல்லா வகையிலும் சேர்த்து ஆண்டொன்றுக்கு வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரியோ நாலரைத் தொன்னுக்கு மேல். உலகின் புகையில் மிகச் சிறு பங்கே உடைய நாட்டில், அதிலும் மிகக் குறைந்த மின்சாரம் செலவிடும் கரையொன்றில், சுமை வந்து இறங்குகிறது. அவர்களுடைய கேள்வியை அறியாமை என்று தள்ளுவது நியாயமாகாது.

அக்கேள்விகளுள் ஒன்றுக்காவது கணக்கேட்டின் துணையோடு விடை காண இடமுண்டு. வடபுலப் பறவைகள் வங்காலைக்கு வருவது ஐப்பசியை ஒட்டி. திரும்பிப் போவது பங்குனி, சித்திரையில். சோழகம் பெருகுவது வைகாசிக்குப் பின். காற்றாலைகள் ஈட்டும் தொன்களில் பெரும்பகுதி பறவைகள் இல்லாத மாதங்களில் ஈட்டப்படுவதே. வாடைக் காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில்தான் பறவையும் விசிறியும் ஒரே வானில் நேர்ப்படுகின்றன. பறவைக் கூட்டத்தைத் தொலைவிலேயே அறிந்து விசிறிகளை நிறுத்தும் ரேடார் ஏற்பாடு தம்பபவனித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது இதற்காகவே. அந்த மாதங்களில் சில மணி நேரம் விசிறிகள் நின்றால் இழக்கப்படும் அலகுகளைத் தொன்னாக மாற்றினால், ஆண்டுக் கணக்கில் அது சிறு பின்னமாகவே இருக்கும். ஈரநிலத்தைக் கடக்கும் கம்பியின் செய்தி வேறு. அதில் பறவைகளின் கண்ணிற் படுமாறு அடையாளங்கள் தொங்கவிடப்பட்டுள்ளன. விசிறியை வேண்டும்போது நிறுத்தலாம். கம்பியோ மாலை மங்கிய பின் உணவு தேடித் தாழப் பறக்கும் பூநாரைகளின் எதிரே, எல்லாப் பருவத்திலும் நின்றுகொண்டிருக்கிறது.